ஒளியிழை எப்படி அளவுகோலாகிறது?

அன்புள்ள ஐயா,

ஒளியின் செறிவு, நிறம், தளவிளைவு (ஒளியலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பது) ஆகிய மூன்றையும் ஒரே ஒளியிழையைக் கொண்டு அளக்கலாம் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுக்க வந்த தம்பியோ, அந்த வயரை மடக்கினாலே சிக்னல் போய்விடும் என்கிறார். ஒளியைக் கடத்தும் வெறும் குழாய் எவ்வாறு அளவுகோலாகும்?

ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

கண்ணுக்குத் தெரியும் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 500 லட்சம் கோடி முறை அதிர்கிறது. அந்த வேகத்தைப் பின்தொடரும் சாதாரண உணரி எதுவும் இல்லாததால், கேமராச் சில்லு தன்மீது எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே சொல்லும். மற்ற பண்புகளை நாம்தான் செறிவு வேறுபாடாக மாற்றிக் கொடுக்க வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் போலராய்டு கண்ணாடி அணிந்து தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள், நீரின் கண்கூச்சம் ஏறி இறங்கும்; அங்கே தளவிளைவுதான் செறிவு வேறுபாடாக மாறுகிறது. 1921இல் கப்பலில் வந்த இயற்பியலாளர் சி. வி. ராமன், போலராய்டு போலவே தளவிளைவை வடிகட்டும் நிக்கோல் பட்டகத்தால் இந்த மேற்பரப்பு ஒளியை விலக்கிவிட்டுத்தான் கடலின் நீலத்தை ஆராய்ந்தார்.

உங்கள் வீட்டு இழையின் உள்ளகம், அதாவது ஒளி செல்லும் நடுப்பகுதி, சுமார் 9 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் ஒளிக்கு ஒரே பாதை. 50 மைக்ரான் உள்ளகம் கொண்ட பல்முறை இழையிலோ ஒளி நூற்றுக்கணக்கான பாதைகளில் பரவி, மறுமுனையில் ஒன்றோடொன்று குறுக்கிடுகிறது. லேசர் ஒளியை அதில் செலுத்தி வெள்ளைத் தாளில் விழச் செய்தால், காற்றில் கலைந்த கோலப்பொடி போலப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். நிறம் இம்மியளவு மாறினாலும், தளவிளைவின் திசை திரும்பினாலும், பாதைகளுக்கிடையிலான கட்ட வேறுபாடுகள் (ஓர் அலை மற்றொன்றைவிட எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது) மாறுவதால் கோலமும் வேறாகிவிடும். ஆகவே தெரிந்த ஒளிகளை ஒவ்வொன்றாகச் செலுத்தி அவற்றின் கோலங்களை முன்கூட்டியே பதிந்துவைத்தால், பின்னர் தெரியாத ஒளி ஒன்று வரும்போது கணினி அந்தப் பதிவுகளைக் கொண்டு அதன் பண்புகளைக் கணக்கிட்டுவிடும். தகவல்தொடர்புக்காரர்கள் குறையென்று ஒதுக்கிய கலப்பு இங்கே கருவியாகிறது என்பதே எனக்கு இதில் பிடித்த இடம்.

தம்பி சொன்னதும் பொய்யல்ல. இழை நீளமானால் நிறங்களை மேலும் நுணுக்கமாகப் பிரித்தறியலாம், ஆனால் வளைவும் வெப்பமும் கோலத்தைக் கலைப்பதும் அதே அளவுக்குக் கூடும். குளிரூட்டிய அறையில் எடுத்த பதிவு, கடலூரின் மே மாத நண்பகலில் மொட்டை மாடிக்குப் பொருந்தாது. எனவே இழையைக் குட்டையாக வெட்டி, அசையாதபடி ஒட்டி, வெப்பநிலை மாறும்போதெல்லாம் மறுபடியும் பதிவெடுக்க வேண்டியிருக்கிறது.