பேடல் போர்டில் நின்று மீன் பிடிக்க என்னென்ன வாங்க வேண்டும்?

கேட்டவர் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கத்துக்காரர். காற்றடைத்து, மேலே நின்று துடுப்புப் போடும் பலகையான பேடல் போர்டு ஒன்றை வாங்கிவிட்டார். அதில் நின்றபடி ஏரியில் தூண்டில் போட ஆசை. ராடு, ரீல், ஆங்கர் என்னும் நங்கூரம், பெட்டி, ராடு ஸ்டாண்டு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, இதில் நம் பக்கத்து ஏரிகளுக்கு உண்மையிலேயே எது தேவை என்று கேட்டிருக்கிறார்.

நான் காவேரிப்பட்டணம். மூன்று வருடமாக ஞாயிறு காலைகளில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ராடு பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பலகை கவிழ்ந்தால் உங்களைக் காப்பாற்றும் பொருள்தான் முதலில் வாங்க வேண்டியது. மற்றதில் பாதி நம் ஊர்க் கடைத்தெருவிலேயே கிடைக்கும்.

முதலில் லைஃப் ஜாக்கெட். நம்மில் பலரும் சின்ன வயதில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். அதனால் "எனக்கு நீச்சல் தெரியும்" என்று ஜாக்கெட்டைக் கரையிலேயே விட்டுவிடத் தோன்றும். கிணறு வேறு, ஏரி வேறு. கிணற்றில் நான்கு கை வீசினால் படி வந்துவிடும். ஏரி நடுவில் பேன்ட், சட்டை, இடுப்புப் பையோடு விழுந்து, தூண்டில் நரம்பு வேறு காலில் சுற்றிக்கொண்டால் நீச்சல் மட்டும் போதாது. தூண்டில்காரர்களுக்கென்றே முன்பக்கம் பை வைத்த ஜாக்கெட்டுகள் வருகின்றன. முதுகுப் பக்கம் மெல்லியதாக, கை வீச இடைஞ்சல் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு விசிலை அதிலேயே கட்டிவிடுங்கள்.

அடுத்தது லீஷ். பலகையையும் உங்களையும் சேர்த்துக் கட்டும் கயிறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஏரிகளில் ஒரு ஆபத்து இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் அதைப் பற்றிய பேச்சே வராது. மழை இல்லாத வருடங்களில் ஏரிக்குள் சீமைக்கருவேலம் காடாக வளர்ந்துவிடும். அடுத்த வருடம் ஏரி நிறைந்தால் அந்த மரம் அப்படியே தண்ணீருக்குள் நிற்கும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீங்கள் விழும்போது கணுக்காலில் கட்டிய கயிறு அந்தக் கிளையில் மாட்டினால், குனிந்து அவிழ்க்க முடியாது. ஓடுகிற தண்ணீரில் கணுக்கால் லீஷ் கூடாது என்பது எல்லோரும் சொல்லும் விதி. நம் ஏரிகளில் நின்ற தண்ணீருக்கும் அதே விதியை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இடுப்பு பெல்ட்டில் மாட்டி, ஒரு குமிழைப் பிடித்து இழுத்தால் சட்டென்று கழன்றுவிடும் வகை இருக்கிறது. அதையே வாங்குங்கள். கயிறு டெலிபோன் ஒயர் போல சுருண்டதாக இருக்கட்டும், தண்ணீரில் இழுபடாது, ரீலிலும் சுற்றாது.

அதே மரம்தான் பலகையின் அடியில் மீன் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின்னுக்கும் எதிரி. ஒருமுறை மார்கழிக் காலையில் நின்றபடி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். பலகை நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. முழங்கால் இரண்டும் பலகையின் மூக்கில் போய் மோதி, துடுப்பு கையை விட்டுப் போனது. தண்ணீருக்கு ஒரு சாண் கீழே கருவேல முண்டு ஒன்று இருந்திருக்கிறது. அன்றிலிருந்து நீளமான கெட்டி ஃபின்னைக் கழற்றிவிட்டு, குட்டையான, வளையும் ரப்பர் ஃபின் மாட்டியிருக்கிறேன். நேராகப் போவது கொஞ்சம் குறையும், பரவாயில்லை. ஏரி காய்ந்து கிடக்கும் கோடையில் போய் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். முண்டு எங்கே, பாறை எங்கே, ஓடை எங்கே என்று எல்லாம் தெரிந்துவிடும். மீன் எங்கே ஒதுங்கும் என்பதும் அதே நடையில் தெரியும்.

பலகை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். ஆனாலும் அளவைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு உதவும். மீன் பிடிக்க பத்தரை அடி முதல் பதினொன்றரை அடி நீளம், 33 அல்லது 34 அங்குல அகலம், 6 அங்குலக் கனம். அகலம்தான் முக்கியம். 30 அங்குலப் பலகை வேகமாகப் போகும், ஆனால் நின்று ராடு வீச முடியாது. பெட்டியில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடையில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உங்கள் எடை, சாமான், மீன் எல்லாம் சேர்த்து. துடுப்பு உங்கள் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இருந்தால் சரி.

காற்று விஷயத்தில் கவனம் வேண்டும். இந்தப் பலகைகளின் மேல் தோலையும் அடித் தோலையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் பிடித்திருக்கின்றன. 12 முதல் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை அடைத்தால்தான் மரப்பலகை போல விறைக்கும். குறைவாக அடைத்தால் நடுவில் தொய்ந்து, நிற்கும்போது ஆடும். எனக்கு வந்த பம்ப்பில் மீட்டர் முள் அசையவே இல்லை. கையால் தட்டிப் பார்த்து அடைத்த அந்த முதல் மாதம் முழுவதும், நிற்கத் தெரியாதது என் குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மீட்டர் மாற்றிய அன்றுதான் பலகை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தது. இன்னொன்று, விடியற்காலைக் குளிரில் நிறைய அடைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் ஏரிக்கரைக் கல் மேல் வெயிலில் போட்டுவிடாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி ஒட்டு விடும். தண்ணீரில் இருக்கும்வரை பயமில்லை. கரைக்கு வந்தால் நிழலில் போடுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள்.

சரி, இப்போது சாமான். பேடல் போர்டுக்கென்று விற்கும் பெட்டி வேண்டவே வேண்டாம். ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகும் பிளாஸ்டிக் கிரேட்டு ஒன்று போதும். ஓட்டை ஓட்டையாக இருப்பதால் தண்ணீர் தங்காது, எந்தப் பக்கமும் கயிறு கோக்கலாம். ஒன்றரை அங்குல பிவிசி பைப்பில் ஒரு அடி வெட்டி, கிரேட்டின் பின்பக்கம் இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கினால் ராடு ஸ்டாண்டு. பைப்பின் வாயை அரத்தால் தேய்த்து மழுப்பிவிடுங்கள், இல்லையென்றால் ராடு பிடியை அறுக்கும். கிரேட்டின் அடி மூலைகள் பலகைத் தோலில் உரசும். பழைய யோகா பாய் ஒரு துண்டை அடியில் ஒட்டிவிட்டால் சரியாகிவிடும். கிரேட்டைப் பலகையின் இரும்பு வளையங்களில் கட்டுவதற்கு சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்த பட்டைதான் நான் பயன்படுத்துவது. இழுபடும், இறுகும், ஈரத்தில் வழுக்காது.

கிரேட்டு உங்களுக்குப் பின்னால், ஒரு எட்டு தள்ளி இருக்கட்டும். முன்பக்கம் காலியாக இருக்க வேண்டும். முன்னால் சாமான் இருந்தால் வீசும்போது நரம்பு அதில் போய் மாட்டும். கால் வைக்கும் இடத்தில் ஒரு பொருளும் கூடாது. என் பலகையில் கிரேட்டுக்குள் இருப்பவை ஒரு மூக்குக் குறடு, மீன் வாயைப் பிடிக்கும் கிரிப், நரம்பு வெட்டும் கத்தரி, இரண்டு சின்ன டப்பா, தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் ஒரு முழக் கயிறு கட்டியிருக்கிறது, ராடு உட்பட. குறடு இரண்டையும் ஒரு ராடையும் ஏரிக்குக் கொடுத்த பிறகு வந்த பழக்கம் இது. போன் தண்ணீர் புகாத உறையில் கழுத்தில் இருக்கும், கிரேட்டில் வைக்க மாட்டேன். பலகை போய்விட்டாலும் போன் என்னிடம் இருக்க வேண்டும்.

ஆங்கர் விஷயத்தில் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். நான்கு கொக்கி மடக்கு ஆங்கர் ஒன்றரை கிலோவில் வரும். மணல் தரைக்கு அது சரி. நம் ஏரித் தரை பாறையும் முண்டும். கொக்கி மாட்டினால் அதோடு அதை மறந்துவிட வேண்டியதுதான். நான் வெங்காயம் வரும் வலைப்பையை இரண்டாக மடித்து, மூன்று கிலோ அளவுக்கு உருண்டைக் கல் போட்டுக் கட்டியிருக்கிறேன். மாட்டினால் பலமாக இழுத்தால் பை கிழிந்து கயிறாவது திரும்பி வரும். ஆழத்தைப்போல மூன்று மடங்கு கயிறு விடுங்கள். முக்கியமாக, மூக்கிலோ வாலிலோ மட்டும் கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் காற்று ஒரு தள்ளுத் தள்ளும்போது பலகை சாய்ந்துவிடும். கட்டும் இடத்தில் கொக்கி வளையம் ஒன்றும், கயிற்று நுனியில் ஒரு காலி பாட்டிலும் இருக்கட்டும். பெரிய மீன் இழுத்தால் வளையத்தைக் கழற்றிவிட்டு மீனோடு போகலாம், பாட்டில் மிதந்துகொண்டிருக்கும், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆடி மாதக் காற்றில் ஆங்கரும் நிற்காது. அப்போது அடியில் நான்கு ஓட்டை போட்ட பெயின்ட் பக்கெட்டைக் கயிற்றில் கட்டி வாலில் இழுக்க விடுவேன். பலகை மெதுவாக நகரும், வழியெல்லாம் தூண்டில் போட்டுக்கொண்டே போகலாம். கிளம்பும்போது எப்போதும் காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விடும். இடிச்சத்தம் கேட்டால் உடனே கரைக்கு வந்துவிடுங்கள். வெட்டவெளித் தண்ணீரில் கார்பன் ராடைப் பிடித்து நிற்பதைப் போல ஆபத்து வேறு இல்லை.

ராடு ஒன்று போதும். விரால்தான் உங்கள் ஆசை என்றால் 7 அடி, கொஞ்சம் கெட்டியான ராடு, 3000 அளவு ரீல், 40 பவுண்டு பிரெய்டு (பின்னிய) நரம்பு, இரைக்குப் பதிலாக மாட்டும் ரப்பர் தவளை. ஆகாயத்தாமரைக்கும் அல்லிக்கும் நடுவிலிருந்து விராலை இழுக்க மெல்லிய நரம்பு தாங்காது. ஜிலேபியும் கெண்டையும் போதும் என்றால் 6 அடி லேசான ராடு, சின்ன முள், தக்கை, மண்புழு. குடும்பத்துக்குக் குழம்புக்கு வேண்டும் என்றால் இதுவே மேல். ஜிலேபி எங்கும் பெருகிக் கிடக்கிறது, எவ்வளவு எடுத்தாலும் ஏரிக்கு நல்லதுதான்.

கரையிலிருந்து மீன் பிடித்த பழக்கத்தைப் பலகையில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருநாள் அல்லி இலைகளுக்கு நடுவில் ஒரு குமிழி வந்தது. விரால் மூச்சு வாங்க மேலே வந்த அடையாளம். தவளையை இலை மேல் விழ வைத்து, மெல்லத் தண்ணீருக்குள் நழுவவிட்டேன். பானையில் தண்ணீர் மொள்ளும்போது வரும் சத்தம் போல 'குப்' என்று ஒன்று. கரையில் இருந்தால் உடம்போடு சேர்த்து ஓங்கி இழுத்திருப்பேன். பலகையில் அப்படி இழுத்தால் மீன் வருவதற்கு முன் நாம் பின்னால் விழுவோம். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, ரீலை வேகமாகச் சுற்றி நரம்பை இறுக்கினாலே முள் ஏறிவிடும். இன்னொன்று, பலகை லேசானது. மீன் நம்மிடம் வராது, நாம்தான் மீனிடம் போவோம். அன்று அந்த விரால் என்னை அல்லிக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போனது. ரீல் டிராகை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, கரையில் வைப்பதைவிடக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். மீனைப் பலகை மேல் தூக்கிப் போடாமல் சின்ன ரப்பர் வலையில் எடுங்கள். மூன்று முள் கொக்கிகளில் கூரிய எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் பலகைக்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் நல்லது. கெளுத்தி மாட்டினால் வெறும் கையால் பிடிக்காதீர்கள்.

போலரைஸ்டு கண்ணாடி ஒன்று கட்டாயம். நின்று மீன் பிடிப்பதன் பலனே உயரத்திலிருந்து தண்ணீருக்குள் பார்ப்பதுதான். வெயில் கூச்சம் போனால் முண்டும் தெரியும், மீனும் தெரியும். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து போவதைப் பார்ப்பீர்கள். அடியில் தாய் தகப்பன் விரால் இரண்டும் காவலுக்கு இருக்கும். அங்கே தவளையைப் போட்டால் நிச்சயம் அடிக்கும். தயவுசெய்து போடாதீர்கள். காவல் போனால் அந்தக் குஞ்சு மொத்தமும் மற்ற மீன்களுக்கு இரை.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்து ஏரிகள் பெரும்பாலும் மீன் பாசி ஏலத்தில், அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலத்தில், ஒருவர் குத்தகைக்கு எடுத்தவை. அவரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். நான் போகும் ஏரியில் காவலுக்கு இருக்கும் பெரியவர் முதல் நாள் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, தெர்மாகோல் துண்டு மிதக்குற பக்கம் போவாதீங்க, அடியில வலை கட்டியிருக்கோம்." ஃபின் மாட்டினால் ஒரு குடும்பத்தின் வலை கிழியும். கிருஷ்ணகிரி அணை, பாரூர் ஏரி போன்ற பெரிய இடங்களுக்கு மீன்வளத் துறையிலும் நீர்வளத் துறையிலும் அனுமதி கேளுங்கள். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள், அங்கே வேண்டாம். ஒகேனக்கல் பக்கம் பலகையோடு நினைத்தும் பார்க்காதீர்கள். பாறைச் சுழல், முதலை, அதற்கு மேல் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் காவிரியை ஒட்டிய காடுகள் வன உயிரினச் சரணாலயம். 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயமும் சேர்ந்தபின் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் தெரிந்த பரிசல்காரர்களுடையது.

பலகையை எடுத்துக்கொண்டு முதல் இரண்டு ஞாயிறும் ராடு இல்லாமல் போங்கள். இடுப்பளவு தண்ணீரில், ஜாக்கெட்டும் லீஷும் போட்டு, கிரேட்டையும் கட்டி, வேண்டுமென்றே இரண்டு பக்கமும் பத்துப் பத்து முறை விழுந்து ஏறிப் பாருங்கள். லீஷ் குமிழைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பாருங்கள். பலகையைக் கவிழ்த்து, கிரேட்டிலிருந்து எது கழன்று விழுகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு கயிறு கட்டுங்கள். மூன்றாவது ஞாயிறு ராடு எடுத்துக்கொள்ளலாம்.