பதில்: பிளஸ்-மைனஸா, கண்ணா?

ஐஸ் ஹாக்கியின் என்எச்எல் லீக்கில் ஆடும் எரிக் கார்ல்சன் பிளஸ்-மைனஸில் -26 வைத்துக்கொண்டு எப்படி சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பை வாங்கினார், எண் பொய்யா கண் பொய்யா என்று கேட்டிருந்தீர்கள். எம்ஆர்டி ரயிலில் ஹைலைட்ஸ் மட்டும்தான் பார்ப்பேன் என்றும் எழுதியிருந்தீர்கள். சிக்கலே அங்கேதான்.

பிளஸ்-மைனஸ் தனி ஆளின் கணக்கு இல்லை. அணி கோல் போட்டால் அந்த நேரம் பனியில் நின்ற எல்லோருக்கும் சேர்த்து பிளஸ் ஒன்று, கோல் வாங்கினால் மைனஸ் ஒன்று. 2022-23-ல் அவர் ஆடிய சான் ஹோசே படுமோசமான அணி. அவர் எடுத்த 101 புள்ளிகளில் (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) பவர் பிளேயில், அதாவது எதிரணி தண்டனையால் ஆள் குறைந்து ஆடும்போது, வந்தவை பிளஸ்ஸில் சேராது, ஆனால் கோலியை (கோல்காப்பாளரை) எடுத்துவிட்டு கூடுதல் தாக்குதல் ஆளை இறக்கிய பிறகு வாங்கிய கோல் மைனஸில் ஏறிவிடும். அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

அதற்காக ஹைலைட்ஸை நம்பலாமா? கூடாது. தடுப்பாட்டக்காரர் ஜேக்கப் ஸ்லேவின் மாதிரி ஆள் எதிராளியைப் பலகையோரம் ஒதுக்கி, மட்டையை மட்டும் நீட்டிப் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) தட்டிவிட்டுப் போவார், அது எந்த ஹைலைட்ஸிலும் வராது. சனிக்கிழமை காலையில் நமக்கு நேரலை வருமே, அதில் ஒரு பீரியட் (ஆட்டத்தின் மூன்றில் ஒரு பகுதி) முழுக்கப் பக்கை விட்டுவிட்டு அப்படி ஒரு ஆளை மட்டும் பாருங்கள்.

கோலி விஷயத்தில் நான் எண் பக்கம்தான். பாய்ந்து தடுப்பவர் பல சமயம் இடம் தவறி நின்றவராக இருப்பார். வந்த ஷாட்டுகளில் எத்தனை தடுத்தார் என்ற வெறும் சேவ் சதவீதம் போதாது, வந்த ஷாட்டுகளின் தரத்துக்கு எத்தனை கோல் விழுந்திருக்க வேண்டும் என்ற கணக்கோடு ஒப்பிடுங்கள், அதுவும் முழு சீசனுக்கு. சில ஆட்டங்களை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது: 2024-25-ல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட், சிறந்த கோலிக்கான வெசினா இரண்டு விருதையும் வாங்கிய வின்னிபெக் கோலி ஹெலபக்கையே செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப் சுற்றில் 3 ஆட்டங்களில் பாதியில் வெளியே எடுத்தார்கள்.