தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள், அப்புறம்?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. தினமும் பாண்டிக்குப் போய்க் குடித்துவிட்டு வருவான். போன மாதம் போதையில் தன் கையைக் காயப்படுத்திக்கொண்டான். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, "குடியை விட்டுட்டு வா" என்று திட்டி, விடிவதற்குள் அனுப்பிவிட்டார்கள். இனி எந்த ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்கிறான். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று அம்மா வேறு பயப்படுகிறார்.
- பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லுங்கள். தற்கொலை முயற்சிக்குத் தண்டனை தந்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலேயே இல்லை. அதற்கு முன்பே 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. பதிவு, அதாவது போலீசுக்குத் தெரிவிக்கும் மருத்துவப் பதிவு போடுவார்கள், போலீஸ்காரர் வந்து நாலு கேள்வி கேட்கலாம், அதற்காகப் பயந்து காயத்தை மறைக்காதீர்கள்.

அன்று ராத்திரி நடந்தது தப்பு, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. போதை இறங்கும்வரை வைத்திருந்து, மனநல டாக்டரைக் கூப்பிட்டு, தனியாக உட்காரவைத்து "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் எண்ணம் வந்துவிடாது, நீங்களும் கேட்கலாம். குடியால் வரும் மனநிலைப் பாதிப்பும் அந்த 2017 சட்டத்தில் மனநோய்தான், ஆகவே குடியை விட்ட பிறகுதான் மனசைப் பார்ப்போம் என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது.

இன்னொன்று, இதுதான் என் பெரிய கவலை. தினமும் குடிப்பவனை வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, அப்புறம் வலிப்புகூட வரலாம், இரண்டு மூன்று நாளில் ஆள் தெரியாமல் உளற ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. வார்டில் சேர்த்தால் மாத்திரையும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் கொடுத்துப் பக்குவமாக இறக்குவார்கள். பாண்டி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, குடி சிகிச்சையும் அங்கேயே உண்டு. கூடவே போங்கள், எங்கே சேர்த்தாலும் மனநல டாக்டர் பார்க்காமல் டிஸ்சார்ஜுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டில் பூச்சிமருந்து, மிச்ச மாத்திரை இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். அவன் வர மறுத்தால் 14416-க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். முதல் போனை நீங்களே போடுங்கள்.