அட்டாக் ஆன் டைட்டன் 3டிஎஸ் விளையாட்டில் என்ன குறை? இப்போது வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் மனிதரைத் தின்னும் டைட்டன் என்ற ராட்சதர்களோடு வீரர்கள் போராடும் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரை அண்மையில்தான் பார்த்து முடித்திருக்கிறார். பழைய நின்டெண்டோ 3டிஎஸ் (கையில் பிடித்து விளையாடும் கருவி) ஒன்றும் கைக்கு வந்திருக்கிறது. அதில் ஓடும் ‘ஹியூமானிட்டி இன் செயின்ஸ்’ விளையாட்டைப் பற்றி ஏன் இவ்வளவு குறை சொல்கிறார்கள், கருவி சிறியது என்பதால்தானா, இப்போது வாங்கலாமா என்று கேட்கிறார்.

கருவியின் மேல் பழி போடுவதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அந்தத் தொடரில் வீரர்கள் உயிரைப் பணயம் வைத்து எடுக்கும் முடிவுகளை, இந்த விளையாட்டு நமக்குப் பதிலாகத் தானே எடுத்துவிடுகிறது. என் பெரிய மனத்தாங்கல் அதுதான். கேமரா, படத்தின் தரம், திரும்பத் திரும்ப வரும் மிஷன்கள் எல்லாம் அதற்கு அடுத்த வரிசை.

என் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ். சித்தப்பா ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஐரோப்பிய ரீஜன் (அந்தப் பகுதிக்கென்று விற்கப்படும்) 3டிஎஸ் ஒன்றையும் இந்த விளையாட்டின் கார்ட்ரிட்ஜையும் (கருவியில் செருகும் அட்டை) கொண்டுவந்தார். வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் விளையாடியதுதான் அதிகம். ஆகவே நான் சொல்வது கருவியைக் கையில் பிடித்துக் குலுங்கிக்கொண்டே விளையாடியவனின் கருத்து.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் மாட்டிய வாயுக் கருவியிலிருந்து கொக்கி பாய்ந்து, கம்பி இழுத்து, கூரைகளுக்கு மேலே வீரர் பறக்கும் அந்த முதல் அரை மணி நேரம் உண்மையிலேயே மயிர்க்கூச்செறியும். மேல்திரை வெறும் 400க்கு 240 புள்ளிகள். அதற்குள் இவ்வளவு வேகத்தைக் கொண்டுவந்ததற்கு, இதை உருவாக்கிய ஸ்பைக் சுன்சாஃப்ட் நிறுவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். கண்ணாடி இல்லாமல் தெரியும் முப்பரிமாணமும் இந்தப் பறத்தலுக்கு நன்றாகப் பொருந்துகிறது. (பஸ்ஸில் அதை அணைத்துவிடுங்கள். சாலைப் பள்ளம் ஒவ்வொன்றிலும் படம் இரண்டாகப் பிரியும்.)

அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு சந்தேகம் வரத் தொடங்குகிறது. பறப்பது நானா, இல்லை, என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்களா?

தொடரில் அந்தப் பறக்கும் கருவியைக் கற்றுக்கொள்வதே ஒரு பெரும்பாடு. பயிற்சியின் தொடக்கத்தில் நாயகன் எரென் கம்பியில் நிமிர்ந்து தொங்கக்கூட முடியாமல் தலைகீழாகக் கவிழ்கிறான். எந்தச் சுவரில் கொக்கியை அடிப்பது, எப்போது விடுவிப்பது, எவ்வளவு வாயுவைச் செலவழிப்பது என்று ஒவ்வொரு நொடியும் கணக்கு. எங்கள் சித்தூர் வட்டாரத்தில் கள்ளுக்குத் தென்னை ஏறுபவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். காலில் தளையை மாட்டிக்கொண்டு ஏறுகிறவருக்கு எந்த இடத்தில் பிடி இறுகும், எந்த இடத்தில் வழுக்கும் என்பது கைக்குத் தெரியும். அவருக்காக வேறொருவர் பிடித்துக்கொள்ள முடியாது. விளையாட்டில் அந்தப் பிடியே நம் கையில் இல்லை. பொத்தானை அழுத்தினால் போதும், எங்கே மாட்டுவது என்பதை விளையாட்டு பார்த்துக்கொள்கிறது. நாம் திசையை மட்டும் காட்டுகிறோம்.

டைட்டனைக் கொல்வதும் இப்படித்தான். தொடரின் கணக்குப்படி பிடரியில் ஒரு மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம்; அந்தத் துண்டை ஆழமாக அறுத்தெடுக்க வேண்டும், மற்ற எந்தக் காயமும் ஆறிவிடும். பின்னால் சுற்றிவருவது, வேகம் சேர்ப்பது, கை நீட்டிப் பிடிக்குமுன் விலகுவது என்று அந்தச் சிறு பரப்பை எட்டுவதற்குள் ஒரு நாடகமே நடந்துவிடும். விளையாட்டிலோ டைட்டனைக் குறி வைத்துவிட்டால் மீதி வழியைக் கம்பியே கடத்திவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது சரியான கணத்தில் ஒரு பொத்தானை அழுத்துவது மட்டும். தாளம் பிடிபட்டுவிட்டால் முதல் டைட்டனுக்கும் அடுத்து வருகிறவற்றுக்கும் வேறுபாடு தெரியாது. மூன்று மீட்டர் குள்ளனும் பதினைந்து மீட்டர் நெட்டையனும் ஒரே மாதிரி விழுகிறார்கள். பயம் போய்விடுகிறது. இந்தத் தொடரில் பயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

வாயு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. டிராஸ்ட் நகரத்தில் பின்வாங்கும்படி உத்தரவு வந்த பிறகும் வீரர்களால் சுவர் ஏற முடியவில்லை. வாயு தீர்ந்துவிட்டது, நிரப்பும் இடத்தை டைட்டன்கள் சூழ்ந்துகொண்டன. கூரைகளில் உட்கார்ந்து சாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீராங்கனை மிகாசா முன்னால் பாய்கிறாள், எரென் இறந்துவிட்டான் என்ற துக்கத்தில் வாயுவைக் கண்மண் தெரியாமல் செலவழிக்கிறாள், நடுவழியில் தீர்ந்து விழுகிறாள். அவ்வளவு திறமைசாலியும் ஓர் உருளை காலியானால் தரையில்தான்.

இந்த விளையாட்டிலும் வாயு குறைகிறது, கத்தி மழுங்குகிறது, திரையில் அளவும் காட்டுகிறார்கள். ஆனால் அது தீர்ந்துபோய் நான் உண்மையாகத் திண்டாடிய நேரம் மிகவும் குறைவு. சிக்கனமாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே தோன்றவில்லை. இவ்வளவு அருமையான ஒரு விதியைக் கதையே தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறது. அதை ஓர் அலங்காரக் கோடாக ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

‘3டிஎஸ்ஸில் வலது ஸ்டிக் (கேமராவைத் திருப்பும் குமிழ்) இல்லை, அதனால்தான் தானியங்கியாக்கினார்கள்’ என்று சிலர் வாதாடுகிறார்கள். வலது ஸ்டிக் இல்லாதது உண்மைதான். இடது பக்கம் வீரரை நகர்த்தும் சர்க்கிள் பேட் ஒன்றோடு சரி. 2014 அக்டோபரில் ஜப்பானில் வந்த நியூ 3டிஎஸ்ஸில்தான் பட்டாணி அளவுக்கு ஒரு சி-ஸ்டிக் சேர்ந்தது. கேமராவைத் திருப்புவது இந்த விளையாட்டில் நிஜமாகவே தொல்லை. சந்துக்குள் நுழைந்தால் சுவர் மறைக்கும், டைட்டனுக்கு அருகில் போனால் அதன் முதுகு திரையை அடைத்துக்கொள்ளும்.

ஆனால் அதே கருவியில் காப்காமின் ‘மான்ஸ்டர் ஹன்டர் 4 அல்டிமேட்’ என்ற மிருக வேட்டை விளையாட்டு இருக்கிறதே. இந்த விளையாட்டைப் போலவே அதுவும் 2015-இல்தான் மேற்கு நாடுகளுக்கு வந்தது. அதே ஒற்றை சர்க்கிள் பேட். கீழ்த்திரையைத் தொட்டு மிருகத்தைக் குறித்துக்கொண்டால், ஒரு பொத்தானில் கேமரா அதன் பக்கம் திரும்பும். அதற்கு மேல் உதவி கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவது, வாலையா காலையா, எப்போது ஓடுவது எல்லாம் உங்கள் பாடு. அதிலும் கத்தி மழுங்கும். சாணைக்கல்லை எடுத்துத் தீட்டும் அந்தச் சில நொடிகள் நீங்கள் அசைய முடியாது, மிருகம் வந்துகொண்டிருக்கும். சாவைப் பற்றிய கதை எதுவும் இல்லாத அந்த விளையாட்டில் கத்தி மழுங்கினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சாவே கதையாக இருக்கும் இந்த விளையாட்டில் அது உறைக்கவே இல்லை. ஆகவே கருவியைக் குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அவசரத்தைக் குறை சொல்லலாம் என்று நினைக்கிறேன். தேதிகளைப் பாருங்கள். தொடரின் முதல் பருவம் 2013 ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் 25 அத்தியாயங்களோடு முடிந்தது. விளையாட்டு அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று ஜப்பானில் கடைக்கு வந்துவிட்டது. அலை அடிக்கும்போதே விற்றுவிட வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. செய்தவர்கள் புதியவர்களும் அல்லர். 2012-இல் ஸ்பைக், சுன்சாஃப்ட் என்ற இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவானது இந்த நிறுவனம். அதில் ஸ்பைக் ஏற்கெனவே ‘டிராகன் பால்’ சண்டை விளையாட்டுகளில் கைதேர்ந்தது. அனிமே வீரர்களை எப்படிப் பறக்கவிடுவது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பறந்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்கத்தான் நேரம் போதவில்லை போலிருக்கிறது.

மிஷன்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இத்தனை டைட்டன்களைக் கொல், இவரைக் காப்பாற்று, அங்கே போய்ச் சேர். இவையே சுற்றிச் சுற்றி வரும், பெரும்பாலும் அதே தெருக்களில். கதைப் பகுதி சீக்கிரம் முடிந்துவிடும். முதல் பருவத்தோடு நின்றும்விடும். நீங்கள் தொடரை முடித்தவர் என்பதால் இது இன்னும் மெலிதாகத் தெரியும். தொடரில் பின்னால் வரும் அடித்தளத்து ரகசியம், கடலுக்கு அப்பால் இருப்பது எதுவும் இதில் வராது. குரல்கள் ஜப்பானிய மொழி, எழுத்துகள் ஆங்கிலம்.

கதை முடிந்த பிறகுதான் விளையாட்டின் உயிர் என்று சொல்வார்கள். சொந்தமாக ஒரு வீரரை உருவாக்கி, பொருள்களைச் சேர்த்து, கருவியை மெருகேற்றிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து வேட்டைக்குப் போகும் பகுதி அது. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நான்கு பேர் ஒரே டைட்டனைச் சுற்றிப் பறக்கும்போது மேலே சொன்ன குறைகள் பாதி மறந்துவிடும். ஆனால் இன்றைக்கு நீங்கள் வாங்கினால் உங்களுக்கு அது கிடைக்காது. 3டிஎஸ்ஸின் இணைய விளையாட்டுச் சேவையை நின்டெண்டோ 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. பக்கத்தில் இன்னொருவர் இன்னொரு கருவியோடு உட்கார்ந்தால்தான் உண்டு.

அந்த இன்னொருவரைத் தேடிப்போய்த்தான் எனக்கு ரீஜன் லாக் என்றால் என்ன என்று புரிந்தது. பொள்ளாச்சியில் என் அத்தை மகனிடமும் ஒரு 3டிஎஸ் இருந்தது, அமெரிக்காவிலிருந்து வந்தது. கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன், அவனும் கதைப் பகுதியை முடிக்கட்டும் என்று. போட்டதும் அவனுடைய கருவி ஏற்க மறுத்துவிட்டது. ஐரோப்பிய கார்ட்ரிட்ஜ் அமெரிக்கக் கருவியில் ஓடாது. அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்குக் கார்ட்ரிட்ஜே வரவில்லை, ஈஷாப் என்ற நின்டெண்டோவின் இணையக் கடையில் தரவிறக்கம் மட்டும்தான். கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடியில் கோழி லாரியைக்கூட ஒரு தாளைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு எந்தத் தாளும் செல்லாது. சேர்ந்து விளையாடும் திட்டம் அங்கேயே முடிந்தது. அவனும் நானும் மாறி மாறி என் கருவியிலேயே விளையாடினோம், அதுவும் கொஞ்ச நேரம்தான். தொடரைப் பார்க்காத அவன் கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது: “இவ்வளவு லேசாகச் சாகிற பூதங்களுக்குப் பயந்தா இத்தனை பெரிய சுவர் கட்டினார்கள்?”

விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான். ஐம்பது மீட்டர் சுவர்களுக்குள் மனித இனமே ஒடுங்கிக் கிடப்பதற்கு ஒரு காரணம் வேண்டும்; விளையாடுபவர் கையில் அந்தக் காரணம் உறைக்க வேண்டும்.

உறைக்கவைக்க முடியும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 2016-இல் கொய் டெக்மோவின் ஒமேகா ஃபோர்ஸ் குழு இதே தொடரை வைத்து இன்னொரு விளையாட்டைக் கொண்டுவந்தது. பிளேஸ்டேஷன் 3, 4 ஆகியவற்றோடு கையடக்கக் கருவியான வீட்டாவுக்கும் வந்தது. அதில் கை, கால், பிடரி என்று எந்த உறுப்பில் கொக்கியை மாட்டுவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் பாய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் வெட்டு ஆழமாக விழும். சோம்பலாகப் போனால் கத்தி சிராய்த்துவிட்டுத் திரும்பும். வீட்டாவில் படம் சில இடங்களில் தடுமாறுகிறது, பெரிய கருவிகளில் உள்ள பளபளப்பு இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. மிஷன்கள் அதிலும் திரும்பத் திரும்பத்தான் வருகின்றன, ஆனால் ஒவ்வொரு முறையும் பிடரியை எட்டியது நான்தான்.

ஆக, வாங்கலாமா? உங்கள் 3டிஎஸ் ஐரோப்பிய ரீஜன் என்றால், கார்ட்ரிட்ஜ் மிகவும் மலிவாகக் கிடைத்தால், அந்த முதல் அரை மணி நேரத்துக்காக வாங்குங்கள். அமெரிக்க ரீஜன் என்றால் பேச்சே இல்லை. ஈஷாப்பில் புதிதாக வாங்கும் வசதி 2023 மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டது. விற்பவர் ‘எல்லாக் கருவியிலும் ஓடும்’ என்று சத்தியம் செய்தாலும் நம்பாமல், பணம் கொடுக்குமுன் உங்கள் கருவியிலேயே போட்டுப் பாருங்கள்.

இதற்கென்றே பணம் ஒதுக்கப் போகிறீர்கள் என்றால் பழைய வீட்டா ஒன்றைத் தேடுவது மேல். அதன் விளையாட்டு அட்டைகளுக்கு ரீஜன் லாக் இல்லை. ஜப்பானியப் பதிப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள், எழுத்துகளைப் படிக்க முடியாது. வீட்டாவின் இரண்டு ஸ்டிக்குகளையும் தொடாமலேயே திரையில் ஏதாவது நகர்கிறதா என்று கடையிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். பழைய கருவிகளில் முதலில் போவது அதுதான்.