நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை: காரைக்குடி இதய மருத்துவரிடம் கேட்டவை

கானாடுகாத்தான் வாசகி: இதயம் பலவீனமான அப்பச்சிக்கு ஐவாபிரடின் கொடுத்திருக்கிறார்கள். கண்ணோரம் வெளிச்சம் மின்னுகிறதாம். பயமா டாக்டர்?

இருட்டறையிலிருந்து வெயில் விழும் வளவுக்கு வரும்போதுதானே? அந்த மாத்திரை இதயத்தில் அடைக்கும் அயனிப் பாதையைப் போன்ற ஒன்று விழித்திரையிலும் இருக்கிறது, அதுதான் காரணம். பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில் தொடங்கும். பலருக்குத் தானாக அடங்கிவிடும். அதுவரை இரவில் கார் ஓட்ட வேண்டாம். பார்வை மங்கினால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பள்ளத்தூர் வாசகர்: ஆச்சிக்கும் அதே மாத்திரைதான். சளிக்கு மருந்துக்கடையிலேயே ஆன்டிபயாடிக் வாங்கிக்கொடுக்கலாமா?

எனக்கு இதில்தான் பயம் அதிகம். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் கல்லீரலால் ஐவாபிரடினைச் சிதைக்க முடியாது. ரத்தத்தில் அது பல மடங்கு ஏறி, துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் கீட்டோகோனசோல் மாத்திரையும் அப்படித்தான். பிரஷருக்கும் நெஞ்சுவலிக்கும் கொடுக்கும் டில்டியாசெம், வெரபமில் இரண்டும் துடிப்பைத் தாங்களே வேறு குறைக்கும். கிரேப்ஃப்ரூட் சாறு கூடாது; பம்பளிமாஸும் அதன் உறவுதான், தள்ளி வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டிலுள்ள மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோங்கள். “வெள்ளை மாத்திரை, சின்னது” என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

பயிற்சி மருத்துவர்: சார், இதயம் பலவீனமான நோயாளிக்குத் துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும் பீட்டா பிளாக்கரைக் கூட்டினால் பிரஷர் 90-க்கு வந்துவிடுகிறது. துடிப்பு 82. ஐவாபிரடின் சேர்க்கலாமா?

முதலில் ஈசிஜி. சைனஸ் ரிதமா, அதாவது இதயத்தின் இயல்பான துடிப்புத் தூண்டியான சைனஸ் கணுவிலிருந்து வரும் துடிப்பா? மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் இந்த மருந்து வேலையே செய்யாது, சைனஸ் கணுவில் மட்டும்தான் இதன் பிடி. 2010-இல் வெளிவந்த, ஐவாபிரடினைச் சோதித்த ஷிஃப்ட் ஆய்வில் சேர்த்ததும் சைனஸ் ரிதம், துடிப்பு 70 அல்லது அதற்கு மேல், இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) 35 சதவீதமோ குறைவோ உள்ளவர்களைத்தான். இவை பொருந்தினால் தாங்குகிற அளவு பீட்டா பிளாக்கரோடு சேர்க்கலாம். இது பிரஷரை அவ்வளவாக இறக்காது. 5 மில்லிகிராம், இரு வேளை, சாப்பாட்டோடு. 75 வயதைத் தாண்டியவருக்கு 2.5-இல் தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்துத் துடிப்பைப் பாருங்கள்: 50-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தால் கை வைக்காதீர்கள். 50-க்குக் கீழே போனாலோ தலைசுற்றினாலோ குறையுங்கள். பிறகு துடிப்பு தாறுமாறானால் திரும்ப ஈசிஜி எடுங்கள், இந்த மருந்தில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும்.

புதுவயல் வாசகி: இதே மாத்திரை சாப்பிடும் என் தங்கை குழந்தைக்குத் திட்டமிடுகிறாள்.

கர்ப்பத்தில் ஐவாபிரடின் கூடாது. கருத்தரிக்கும் முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தை மாற்றட்டும்.

தேவகோட்டை வாசகர்: அப்பத்தா இதயத்துக்கு டிகாக்சின் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். நாலு நாளாக வாந்தி, சோறே இறங்கவில்லை.

இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சிறுநீரகம் தளர்ந்தாலோ, நீர் மாத்திரையால் பொட்டாசியம் இறங்கினாலோ டிகாக்சின் நஞ்சாக மாறும். வாந்தியும் பசியின்மையும் அதன் அறிகுறிகள். எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதா என்றும் கேளுங்கள். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், அட்டையோடு போங்கள்.