ஒரு வழிப் பாதையில் எதிரே வரும் வண்டிகள்: பலகைக்குப் பின்னால் ஆணை இருக்கிறதா?

கேள்வி: சென்னை மேற்கு மாம்பலத்தில் உள்ள எங்கள் குடியிருப்புத் தெரு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வழிப் பாதையாக்கப்பட்டது. ஆனால் பிரதான சாலை சிக்னலில் நிற்க மனமில்லாத பைக்குகளும் ஆட்டோக்களும் காலை, மாலை நேரங்களில் எதிர்த்திசையில்தான் வருகின்றன. சென்ற மாதம் பால் வாங்கப் போன ஒரு மூதாட்டியை ஸ்கூட்டர் இடித்துத் தள்ளியதில் அவருடைய மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வண்டியை மறித்துக் கேட்டால், "இந்த போர்டை யார் வைத்தது?" என்கிறார்கள். தெருமுனையில் சிமென்ட் கல்லும் பூந்தொட்டியும் வைத்து மறிக்கலாமா? வீடியோ எடுத்து இணையத்தில் போடலாமா? சட்டப்படி எங்களால் என்ன செய்ய முடியும்?
– குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: உங்களிடம் அந்த வண்டிக்காரர் எகத்தாளமாகக் கேட்ட கேள்வியைத்தான் நானும் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பலகையை வைத்தது யார்? எந்த ஆணையின் பேரில் வைக்கப்பட்டது? இதற்கு விடை கையில் இல்லாமல் நீங்கள் எடுக்கும் எந்த நடவடிக்கையும் பாதி வழியில் நின்றுவிடும்.

ஒரு சாலையில் வாகனங்கள் செல்வதைத் தடை செய்யவோ கட்டுப்படுத்தவோ அதிகாரம் தருவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு. அந்த அதிகாரம் மாநில அரசுக்கோ அரசு அதற்கென அதிகாரமளித்த அலுவலருக்கோதான் உண்டு. அதுவும் அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டே செய்யப்பட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் அரசிதழ் தேவையில்லை, உள்ளூரில் அறிவித்தால் போதும். போக்குவரத்து மாற்றத்தைச் சோதனை முறையில் தொடங்கி, பலகையை நட்டு, பிறகு முறையான அறிவிக்கையை மறந்துவிடும் வழக்கம் நம் ஊரில் இருப்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அடுத்து, பலகையையே ஒருமுறை நின்று பாருங்கள். 119-ஆவது பிரிவின்படி ஓட்டுநர் கட்டாயம் கீழ்ப்படிய வேண்டியது, 116-ஆவது பிரிவின் கீழ் உரிய அதிகாரியால் வைக்கப்பட்ட, வட்ட வடிவில் சிவப்புப் பின்னணியோ சிவப்பு விளிம்போ கொண்ட கட்டாயக் குறியீட்டுக்குத்தான். சிவப்பு வட்டத்தின் நடுவே வெள்ளைப் பட்டை போட்ட 'நுழையாதே' பலகை அந்த வகையைச் சேர்ந்தது. நலச் சங்கம் தன் செலவில் தகரத்தில் எழுதி மின்கம்பத்தில் கட்டிய 'ஒரு வழிப் பாதை' என்ற அறிவிப்பு அந்த வகையில் சேராது. அதிகாரியின் அனுமதியின்றிச் சாலையோரம் போக்குவரத்துக் குறியீடு வைப்பதை அதே 116-ஆவது பிரிவு தடுக்கவும் செய்கிறது. முறையான பலகையே இருந்தாலும், அது நுழையக் கூடாத முனையில், புங்கமரக் கிளை மறைக்காமல், இரவிலும் கண்ணில் படும்படி இருக்கிறதா என்பதைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணையின் நகலைப் பெற எளிய வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சென்னைப் பெருநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 6(1) பிரிவின் கீழ் மனு அனுப்புங்கள். "எங்கள் தெரு ஏன் இப்படி இருக்கிறது" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். இந்தத் தெரு எந்தத் தேதியிட்ட, எந்த எண்ணுள்ள ஆணையால் ஒரு வழிப் பாதையாக்கப்பட்டது, அது நாள் முழுவதற்குமா அல்லது குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமா, எந்த வகை வாகனங்களுக்கு விலக்கு உண்டு, கடந்த ஓராண்டில் இங்கே பதிவான வழக்குகள் எத்தனை என்று கேட்டு, ஆணை மற்றும் அறிவிக்கையின் சான்றிட்ட நகலையும் கோருங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். ஆணையே இல்லை என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். முறையான ஆணை பிறப்பிக்கக் கோருவதற்கு அந்தப் பதிலே உங்களுக்கு அடிப்படை ஆவணம்.

ஆணை இருக்கிறது என்றால், எதிர்த்திசையில் வருபவர் மீது என்ன வழக்கு? இரண்டு வழிகள் உண்டு, இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. குறியீட்டை மீறியதாக 119-ஆவது பிரிவையும் 177-ஆவது பிரிவையும் சேர்த்துப் போட்டால் முதல் முறை 500 ரூபாய் வரையும் மறுமுறை 1,500 ரூபாய் வரையும்தான் அபராதம். ஆனால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதிக்கப்பட்ட போக்குவரத்துத் திசைக்கு எதிராக ஓட்டுவது 184-ஆவது பிரிவின் விளக்கத்தில் நேரடியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் அப்படி ஓட்டினால் அது அபாயகரமான ஓட்டுதல். முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி, தகுதியிழப்பு நடவடிக்கைக்கு அனுப்பவும் 206-ஆவது பிரிவு வகை செய்கிறது. இவ்வளவு வலுவான பிரிவு இருந்தும் சிறிய பிரிவையே காவலர்கள் நாடுவதற்கு, என் கணிப்பில், காரணம் எளிது: கைபேசி பேசியபடி ஓட்டிய குற்றம் தவிர, 184-இன் கீழ் வரும் மற்றவற்றை அந்த இடத்திலேயே சமரசக் கட்டணம் வாங்கி முடிக்க முடியாது, நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஆகவே உங்கள் மனுவில் 184-ஆவது பிரிவை எண் குறிப்பிட்டே எழுதுங்கள்.

கல்லும் பூந்தொட்டியும் வேண்டவே வேண்டாம். தெரு மாநகராட்சியின் பொறுப்பில் உள்ள பொதுவழி. அதில் தடையோ ஆபத்தோ உண்டாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 285-ஆவது பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம். அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு: இருட்டில் அந்தக் கல்லில் மோதி ஒருவர் விழுந்தால், அவர் எதிர்த்திசையில் வந்தவராகவே இருந்தாலும், கல்லை வைத்தவர்கள் என்ற முறையில் சங்க நிர்வாகிகள் இழப்பீட்டு வழக்கில் எதிர்மனுதாரர்கள் ஆகக்கூடும். நீங்களே போடும் வேகத்தடைக்கும் இதே நிலைதான். அதை மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிவு செய்து, மண்டலப் பொறியாளரிடம் எழுத்து மூலம் கேட்பதே முறை. வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்குவதும் கூடாது. அதே சன்ஹிதாவின் 126-ஆவது பிரிவின் கீழ் முறையற்ற தடுப்பு என்று உங்கள் மீதே புகார் வரும்.

வீடியோ எடுக்கத் தடையில்லை. எதிர்த்திசையில் வருவதும், நுழைவுத் தடைப் பலகையும், வண்டி எண்ணும் ஒரே காட்சியில் தெரியும்படி, தேதி நேரத்துடன் எடுத்துப் போக்குவரத்துக் காவல்துறைக்கு மட்டும் அனுப்புங்கள். ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆவது பிரிவின்படி அந்த விவரத்தைச் சொல்ல உரிமையாளரைக் காவல்துறை வற்புறுத்தலாம். ஆனால் முகத்தைக் காட்டி, வசைச் சொல்லோடு இணையத்தில் பரப்பினால் வழக்கு அவதூறு பக்கம் திரும்பிவிடும். கைபேசிப் பதிவு நீதிமன்றம் வரை போகுமானால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் (மின்னணுப் பதிவுக்கானது) தேவைப்படும் என்பதால் மூலப் பதிவை அழிக்காதீர்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. மோட்டார் வாகனச் சட்டம், பெயருக்கேற்ப, மோட்டார் வாகனங்களுக்கானது என்பதால் மிதிவண்டிக்காரரை இதில் இழுக்க வேண்டாம். எதிர்முனையிலிருந்து மூன்றாவது வீட்டில் இருக்கும் உங்கள் சங்க உறுப்பினரின் கார் மட்டும் இதிலிருந்து தப்பாது. அவர் 'வீட்டுக்குத்தானே' என்று எதிரே நுழைவதை முதலில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வீடியோவில் அவரும் இருப்பார்.

நகலும் படங்களும் சேர்ந்தபின், போக்குவரத்துக் காவல் துணை ஆணையருக்கு மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நியாயமான காலத்தில் பதில் இல்லையென்றால் அரசியலமைப்பின் 226-ஆவது உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்கலாம். மனு கொடுக்காமல் நேரே போனால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

மூதாட்டியின் விஷயத்தை இவற்றோடு கலக்காதீர்கள், அது தனி வழக்கு. சென்னையில் சாலை விபத்தை விசாரிப்பது போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு. அதனால்தான் காவல் நிலையத்தில் உங்களை அங்கே போகச் சொல்லக்கூடும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம் என்பதால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவுடன் (பொதுவழியில் கண்மூடித்தனமாக ஓட்டுதல்) 125(ஆ) பிரிவும் (அஜாக்கிரதையால் கொடுங்காயம்) முதல் தகவல் அறிக்கையில் இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனைப் பதிவையும் எக்ஸ்ரேயையும் பத்திரப்படுத்தி, வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின் கீழ் மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.