கிராண்ட் ஆற்றில் ஸ்மால்மவுத்: கிச்சனருக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வி இது. தாமிரபரணிக் கரையில் தூண்டில் போட்டு வளர்ந்தவர், போன செப்டம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள கிச்சனருக்கு வந்திருக்கிறீர்கள். கிராண்ட் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சிலர் நீளக் கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அது என்ன மீன்பிடி, நமக்குக் கட்டுப்படியாகுமா, நம்மைப் போன்றவர்கள் தனியாகப் போனால் யாராவது வம்பு செய்வார்களா, பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் பார்த்தது ஃப்ளை ஃபிஷிங்: மயிரும் இறகும் கட்டிய போலி இரையைக் கயிற்றின் எடையால் வீசிப் பிடிப்பது. தாராளமாகப் போங்கள். ஆனால் ஸ்மால்மவுத் பாஸ் என்ற ஆற்று மீனில் தொடங்குங்கள். கடைக்குப் போனால் ட்ரவுட், சால்மன், ஸ்டீல்ஹெட் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அதெல்லாம் பிறகு. ஆற்றின் மேற்பகுதியில் ஃபெர்கஸ், எலோரா ஊர்கள் பக்கம் பிடிக்கிறார்களே பிரவுன் ட்ரவுட், அது ஐரோப்பாவிலிருந்து இந்தக் கண்டத்துக்கு வந்த இனம். 1942-இல் கட்டிய ஷாண்ட் அணையிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வருவதால் அந்தப் பகுதியில் அதை விட்டு வளர்க்கிறார்கள். ஸ்மால்மவுத் அப்படி இல்லை. இந்த ஆறுகளிலேயே பிறந்து வளர்ந்த மீன். கோடையில், வெதுவெதுப்பான தண்ணீரில், உங்கள் வீட்டிலிருந்து பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது. பழைய கால்சட்டையோடு ஆற்றில் இறங்கலாம், வேடர் (wader) என்ற விலையுயர்ந்த நீர்புகாக் கால்சட்டை வேண்டாம். போலிப் பூச்சியின் அளவும் நிறமும் அச்சு அசலாக இருந்தால்தான் தொடுவேன் என்று அடம் பிடிக்காது. கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான மீன் தெற்கு ஒன்டாரியோவில் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் லைசென்ஸ். ஊரில் போல நினைத்தவுடன் தூண்டிலோடு இறங்க முடியாது. அவுட்டோர்ஸ் கார்டு என்று ஒன்று வாங்க வேண்டும், சுமார் 9 டாலர், 3 வருடம் செல்லும். அதன்மேல் ஒரு வருட மீன்பிடி லைசென்ஸ், ஒன்டாரியோவாசிக்குச் சுமார் 27 டாலர். கன்சர்வேஷன் லைசென்ஸ் எடுத்தால் சுமார் 15 தான். அதில் வீட்டுக்கு எடுத்துப்போகும் அளவு குறையும், அவ்வளவே. பிடித்த மீனை மறுபடி ஆற்றிலேயே விடுகிற நமக்கு அதுவே போதும். புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடந்த 12 மாதத்தில் தொடர்ந்து 6 மாதமாவது இங்கே குடியிருந்திருந்தால்தான் ஒன்டாரியோவாசிக் கட்டணம். இல்லாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணம், ஏறத்தாழ மூன்று மடங்கு. நீங்கள் செப்டம்பரில் வந்ததால் கோடைக்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

அப்புறம் பருவம். கிராண்ட் ஆற்றில் பாஸ் பிடிக்க ஜூன் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமைதான் கதவு திறக்கும். எந்தச் சனிக்கிழமை என்பதை அந்த வருடத்து அரசு விதிச் சுருக்கத்தில் பாருங்கள். ஆற்றின் சில பகுதிகளுக்குத் தனி விதிகளும் அதிலேயே இருக்கும். ஏன் இந்தக் கட்டுப்பாடு என்று தெரிந்துகொண்டால் மனசு தானாக ஒப்புக்கொள்ளும். வசந்தத்தில் தண்ணீர் 15, 16 டிகிரிக்கு வரும்போது ஆண் மீன் வாலால் சரளையைத் துடைத்துக் கிண்ணம் போல ஒரு கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் பிறகு முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் அப்பாதான். ஊரில் செக்கச்செவேலென்று மொய்க்கும் விரால் குஞ்சுகளுக்கு அடியில் பெரிய விரால் காவலுக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே குஞ்சுகள் கறுப்பு. அந்தக் காவலாளியைக் கொக்கி போட்டு இழுத்தால், அவன் திரும்பி வருவதற்குள் மற்ற மீன்கள் கூட்டைக் காலி செய்துவிடும். அதனால் மே மாதத்தில் தெளிந்த தண்ணீரில் ஒரு மீன் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இனி வீச்சு. நாம் ஊரில் பழகியதில் தக்கையும் ஈயக்குண்டும்தான் தங்கூஸை இழுத்துக்கொண்டு போகும். இங்கே தலைகீழ். ஃப்ளை என்பது கொக்கியில் மான் மயிரும் இறகும் கட்டியது, எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. எடை கயிற்றில் இருக்கிறது. 6-ஆம் எண் கயிறு என்றால் அதன் முதல் 30 அடி சுமார் 10 கிராம். அந்த எடைதான் கோலை வளைக்கும், வளைந்த கோல் நிமிரும்போது கயிறு பறக்கும். பின்னால் வீசிய கயிறு முழுக்க நீண்டு நேராகும் வரை காத்திருந்துதான் முன்னால் கொண்டுவர வேண்டும். புதியவர்கள் எல்லோரும் அவசரப்படும் இடம் அந்த ஒரு நொடிதான். தலையைத் திருப்பிக் கயிறு நீள்வதைக் கண்ணால் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பக்கத்துப் பூங்காப் புல்லில், கொக்கிக்குப் பதில் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டிப் பழகிவிடுங்கள். 35, 40 அடி நேராக விழுந்தால் போதும். இந்த ஆற்றில் அதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

வாங்க வேண்டியது 9 அடி, 6-ஆம் எண் கோல், அதற்கேற்ற ரீல், மிதக்கும் கயிறு. மூன்றும் சேர்ந்த தொடக்கச் செட் 200 டாலர் அளவில் கிடைக்கும். கயிற்று நுனியில் 9 அடி லீடர், அதாவது ஃப்ளையைக் கட்டும் மெல்லிய தங்கூஸ், 8 அல்லது 10 பவுண்டு தாங்குவது. ஃப்ளையில் இரண்டு வகை வைத்திருங்கள். ஒன்று மேலே மிதக்கும் பாப்பர். இன்னொன்று க்ளௌசர் மின்னோ. அதைக் கட்டியவர் பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா ஆற்றில் வழிகாட்டியாக இருந்த பாப் க்ளௌசர். 1980-களில், இதே ஸ்மால்மவுத்துக்காகவே கட்டினார். கொக்கியின் மேற்பக்கம் டம்பெல் வடிவில் இரண்டு ஈயக் கண்கள். அதனால் கொக்கி தலைகீழாகத் திரும்பி, முள் மேல்நோக்கி நிற்கும், பாறையில் மாட்டாது. கயிற்றை இழுத்தால் முன்னேறும், நிறுத்தினால் மூக்கு கீழே சாயும். அந்தச் சாய்வில்தான் மீன் வாங்கும். ஒரு குறடும் வாங்கி, எல்லாக் கொக்கியிலும் எதிர்முள்ளை நசுக்கிவிடுங்கள். மீனை விடுவது சுலபம், உங்கள் காதில் மாட்டினாலும் சுலபம்.

செலவைவிட முக்கியம் ஆற்றைப் படிப்பது. உங்களுக்கு அது பாதி தெரியும், தாமிரபரணி சொல்லிக் கொடுத்திருக்கும். கிராண்ட் ஆற்றின் அடித்தளம் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையும் உருண்டைக் கல்லும். அந்தக் கல்லிடுக்கில் கிரேஃபிஷ் வாழ்கிறது. சிங்கி இறாலின் சின்ன உரு. ஸ்மால்மவுத்தின் முக்கிய உணவு அதுதான், அதனால் கல் இருக்கும் இடத்தில் மீன் இருக்கும். ஆனால் வெள்ளத்தோடு முட்டி மோதிக்கொண்டு அது நிற்காது. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் தணியும் இடம், வேக நீரும் மெதுநீரும் உரசும் கோடு, திட்டு சரிந்து ஆழமாகும் விளிம்பு, கரையோரம் சாய்ந்து கிடக்கும் மரம், இந்த நான்கையும் தேடுங்கள். வேக நீர் சாப்பாட்டைக் கொண்டுவரும், மெதுநீரில் நின்றபடி மீன் அதை எட்டிப் பிடிக்கும். நீங்கள் போடுவது அந்த எல்லைக் கோட்டில் விழ வேண்டும். பாறைக்கு முன்னாலும் ஒரு சின்னத் தணிவு உண்டு, பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பெரிய மீன் பல சமயம் அங்கேதான்.

ஜூலை மாலை, வெயில் மரத்துக்குப் பின்னால் இறங்கிய நேரம், பாப்பர் போட்டுப் பாருங்கள். கரையோரப் பாறை விளிம்பில் அது 'டப்' என்று விழும். உடனே இழுக்காதீர்கள். அதைச் சுற்றிக் கிளம்பிய வளையங்கள் எல்லாம் அடங்கும் வரை விடுங்கள். பிறகு ஒரே ஒரு சின்ன இழுப்பு. தண்ணீர் தெளிவாக இருந்தால் அடியிலிருந்து ஒரு பழுப்பு நிழல் எழுந்து வந்து பாப்பருக்கு ஒரு சாண் கீழே நிற்பது தெரியும். துடுப்பு மட்டும் அசையும். உங்கள் கை துடிக்கும். அப்போது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் சிரமம். இன்னும் ஒரு மெல்லிய அசைவு, அவ்வளவுதான், மேற்பரப்பே உடைந்துவிடும். கோலைத் தூக்காதீர்கள். இடது கையால் கயிற்றை நேராக இழுத்துக் கொக்கியை மாட்டுங்கள். தூக்கினால் கொக்கி வாயிலிருந்து வெளியே வந்துவிடும், இழுத்தால் தப்பினாலும் ஃப்ளை அதே இடத்தில் இருக்கும், மீன் மறுபடியும் பாயும். ஆற்றில் வளர்ந்த ஸ்மால்மவுத் 30 சென்டிமீட்டர் இருந்தாலும் விடாது. நீரோட்டத்துக்குக் குறுக்கே பாயும், துள்ளும், கடைசியில் உங்கள் காலடியிலேயே இன்னொரு முறை அடிக்குள் இறங்கும்.

கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேல்பூச்சைப் பெயர்த்துவிடும். கட்டை விரலால் கீழுதட்டைப் பிடித்தால் அடங்கிவிடும். வெண்கல நிறம், பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கருங்கோடுகள், கண் சிவப்பு. மேல் தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகாது. போனால் அது அண்ணன்காரன் லார்ஜ்மவுத்.

குழம்பு வைக்கலாமா? சட்டப்படி பருவத்தில், அளவுக்குள் எடுத்துப் போகலாம். என்னைக் கேட்டால் வேண்டாம். இந்தக் குளிர் நாட்டில் இந்த மீன் மெதுவாக வளர்கிறது. 40 சென்டிமீட்டர் மீன் என்றால் எட்டு, பத்து வயது இருக்கலாம். வயது ஏற ஏறப் பாதரசமும் உடம்பில் சேரும். எந்த இடத்து மீனை, எந்த அளவில், மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று ஒன்டாரியோ அரசே ஊர்வாரியாகப் பட்டியல் போட்டிருக்கிறது, எதையும் சமைப்பதற்கு முன் அதைப் பாருங்கள். மீன் ஆசைக்கு ஈரி ஏரியில் பிடித்து விற்கும் எல்லோ பெர்ச் வாங்கி வறுங்கள். குழம்புக்கு வாலாய் (walleye) என்ற மீன் நன்றாக இருக்கும்.

வம்பு வருமா என்று கேட்டீர்களே, அதை மழுப்பிச் சொல்ல மாட்டேன். 2007-இல் தெற்கு ஒன்டாரியோவில் மீன்பிடிக்கப் போன ஆசியக் கனடியர்களைச் சிலர் தாக்கினார்கள், தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் விசாரித்து 2008-இல் அறிக்கை வெளியிட்டது, இதில் இனவெறி இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னது. அதைத் தெரிந்துவைத்திருங்கள், அதற்காக ஆற்றை விட்டுக்கொடுக்காதீர்கள். நான் ஆற்றில் பார்க்கும் ஆட்களில் பெரும்பாலோர் 'ஏதாவது கிடைத்ததா?' என்று கேட்டுவிட்டு, தங்களுக்குக் கிடைத்த இடத்தையும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள். முதலில் சில முறை துணையோடு போங்கள். லைசென்ஸைப் போனில் வைத்திருங்கள். மீன்பிடி விதிகளைக் கண்காணிக்கும் கன்சர்வேஷன் அதிகாரி கேட்டால் காட்டினால் போதும், அது எல்லோரிடமும் கேட்பதுதான். யாராவது மிரட்டினால் வாதாட வேண்டாம், கரையேறி 911 அழையுங்கள். முன்னால் ஒருவர் மீன்பிடித்துக்கொண்டிருந்தால் அவருக்கு மேலேயோ கீழேயோ நல்ல தூரம் விட்டு இறங்குங்கள். இங்கே மரியாதை என்பது அந்த இடைவெளிதான்.

நான் அதிகம் கவலைப்படுவது மனிதரைப் பற்றி அல்ல, கால் வைக்கும் இடத்தைப் பற்றி. பாசி படிந்த சுண்ணாம்புக் கல் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். ஒரு ஊன்றுகோல் கட்டாயம், முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் குறுக்கே நடக்காதீர்கள், லைஃப் ஜாக்கெட் போடுங்கள். கரைப் புதரில் மூன்று இலை சேர்ந்த பாய்சன் ஐவி உண்டு, தொட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். ஆளுயரத்துக்கு மேல் வெள்ளைக் குடைப் பூவோடு நிற்கும் ஹாக்வீட் பக்கமே போக வேண்டாம், அதன் சாறு பட்ட தோல் வெயிலில் கொப்பளிக்கும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இங்கே லைம் நோய் பரப்பும் உண்ணி உண்டு.

முதல் நாளுக்குக் கிச்சனரை ஒட்டி ஆற்றோரம் இருக்கும் டூன் அல்லது பிளேர் பக்கம் தேர்ந்தெடுங்கள். ஆற்றோரப் பாதையில் நடந்து, தண்ணீரை அரை மணி நேரம் பார்த்துவிட்டு இறங்குங்கள். கிராண்ட் ரிவர் கன்சர்வேஷன் அத்தாரிட்டி ஆற்றின் ஓட்ட அளவை நேரடியாக இணையத்தில் போடுகிறது. மழையில்லாத கோடையில் டூன் அளவியில் நொடிக்குச் சுமார் 10 கன மீட்டர் காட்டும், அது நடந்து மீன்பிடிக்க நல்ல அளவு. 20-ஐத் தாண்டினால் அன்றைக்குக் கரையிலிருந்தே வீசுங்கள், கலங்கியிருந்தால் வீட்டிலேயே இருங்கள். ஜூலையில் கிளம்புவதற்கு முன் அன்றைய எண்ணையும் நீங்கள் பார்த்து வைத்த இடத்தையும் எனக்கு எழுதுங்கள். எந்தக் கரையிலிருந்து இறங்கலாம், எந்தப் பாறையில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.